விழுந்தவளைத் தூக்காதவர்கள்

1. விளையாட்டறையில் ஒரு சிறுமி விழுந்தாள்.
2. அறையிலிருந்த பெரியவர்கள் யாரும் அசையவில்லை.
3. நான் ஓடிப்போய்த் தூக்கினேன்.
4. அவள் கீழே இறக்கிவிடச் சொல்லி அழுதாள்.
5. அவளுடைய தாய் கோபத்தோடு என்னைப் பார்த்தார்.

நோர்வேயின் பேர்கன் நகரத்துக்கு நான் வந்த புதிதில் நடந்தது இது. பிறக்கும்போது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கால்கள் இறுகிப்போன குழந்தைகள், விழுந்தபின் எப்படி எழுகிறார்கள் என்பதைப் படம்பிடித்து ஆராய்வது எங்கள் குழுவின் வேலை. நான் தூக்கியதால் அன்றைய படம் வீணானது. "ஏன் தூக்கினீர்கள்?" என்று அந்தத் தாய் கேட்டார். விழுந்துவிட்டாளே என்றேன். "ஆமாம், விழுந்தாள்" என்றார். அவர் எனக்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்தார். நான் இன்னும் பதிலுக்காகக் காத்திருந்தேன். அதற்குள் சிறுமி மறுபடி தரையில் குப்புறப் படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு ஸ்டூலைப் பிடித்து எழுந்துவிட்டாள்.

அன்று வீடு திரும்பும்போது, இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் கலஹா பஸ்ஸை நினைத்துக்கொண்டேன். என் அக்கா விஜியின் மகள் தர்ஷினிக்கும் இதே கால்கள்தான். பேராதனைக்கு கிளினிக் கொண்டுபோகும் நாட்களில் அவள் பாதம் தரையில் பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. பஸ் படியிலேயே கண்டக்டர் "தென்ன பபாவ" என்று சிங்களத்தில் கேட்டுக் கைகளை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொள்வார். அவரிடமிருந்து முன் சீட்டிலிருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். இறங்கும்போதும் அப்படியே கைமாறி வருவாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலும் இதேதான். அக்கா கொழுந்து பறிக்கப் போனபின் தர்ஷினி தவழ்ந்து வாசலுக்கு வந்தால், அந்த வழியே போகிற யாராவது இடுப்பில் ஏற்றிக்கொள்வார்கள். அதிகம் தூக்கியவர் பக்கத்துக் காம்பராவின் சரசு அத்தை. எங்களுக்கு உறவில்லை. ஆனாலும் சோறூட்டி, சாயங்காலம் அக்கா வரும்வரை பார்த்துக்கொள்வது அவர்தான். ஆறு வயதுவரை தர்ஷினி ஒருமுறைகூட விழவில்லை. அதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

போன வருடம் கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இனியாவது கால்களில் பாரம் கொடுத்து நிற்கப் பழக வேண்டும். இல்லையென்றால் இடுப்பு மூட்டு விலகும், பிறகு உட்காருவதே வலியாகிவிடும். நான் அக்காவுக்கு போனில் வரிசையாகச் சொன்னேன். தரையில் மெத்தை விரிக்க வேண்டும். ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். விழுந்தால் தூக்கக்கூடாது, அவளே எழ நேரம் கொடுக்க வேண்டும். அக்கா லயத்தில் போய்ச் சொன்னது ஒன்றை மட்டும்: இனி யாரும் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீடு அப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உங்கள் கை பட்டால் எங்களுக்கு ஆகாது. சொன்னவர்கள் பிறகு அடுத்த வீட்டில் தண்ணீர்கூடக் கேட்க முடியாது.

"தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாளாமே ஒந் தங்கச்சி. நோர்வே போனதும் எங்க கையில அழுக்கு தெரியுதாக்கும்" என்று அக்காவிடம் கேட்டாராம் சரசு அத்தை. மறுநாள் அவர் வரவில்லை. பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் அக்கா வேலைக்குப் போவது நின்றது.

நான் அக்காவின் போனிலேயே அத்தையைக் கூப்பிட்டுப் பேசினேன். இடுப்பு மூட்டைப் பற்றிச் சொன்னேன். இங்குள்ள குழந்தைகள் எழும் விதத்தையும் சொன்னேன்.

"நீ சொல்றது வெளங்குது புள்ள. ஆனா கண்ணு முன்னால விழுறத பாத்துக்கிட்டு கையக் கட்டிக்கிட்டு நிக்க எனக்குத் தெரியாது. வந்தா தூக்கிருவேன். அதான் வரல."

பழகிவிடலாம் அத்தை என்றேன்.

"நீ பழகிட்டியா?"

விளையாட்டறையில் இன்றைக்கும் நான் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். இங்கே அப்படி உட்காருவது குழந்தைக்குக் கொடுக்கும் மரியாதை. அதையே நான் ஊருக்குச் சொல்லி அனுப்பியபோது அக்கா தனியாகிப் போனாள். வெளியே வந்துவிட்ட நாம் ஊருக்கு யோசனை சொல்லும்போது, அங்கே யாருடைய கையை நம்பி ஒரு வீடு ஓடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். மறக்காமல் இருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. தர்ஷினி நிற்காமல் இருக்க முடியாது.

"அவ நிக்கிறாடி. ஆனா பாக்கத்தான் ஆளில்ல" என்றாள் அக்கா போன ஞாயிற்றுக்கிழமை.

இப்போதைய நிலைமை இது. தர்ஷினி அலுமாரியைப் பிடித்து நிற்கிறாள். விழுந்தால் சில நாள் தானே எழுகிறாள், சில நாள் முடியாமல் அழுகிறாள். அக்கா இன்னும் வேலைக்குப் போகவில்லை. பிள்ளை விழுகிற சத்தம் கேட்டால் சரசு அத்தை வாசல்வரை வந்து நிற்கிறார், உள்ளே வருவதில்லை. வீடியோவில் அதைப் பார்க்கும்போது நானும் கதிரையைவிட்டு எழுந்துவிடுகிறேன். அவரும் தூக்குவதில்லை, நானும் தூக்குவதில்லை.