பளபளப்பாக ஒரு பந்து வேண்டும்

பவுலிங் ஹாலில் எண்ணெய் போடுகிற வேலை என்பது, யார் கண்ணுக்கும் தெரியாத ஒன்றைப் போட்டுவிட்டு, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற தோல்விக்குத் திட்டு வாங்குகிற வேலை. கவுன்டருக்குப் பின்னால் நின்று ஒரு பொருளைப் பற்றி உண்மை சொன்னவர் நீங்கள் என்றால், அது செருப்போ மின்விசிறியோ எதுவாக இருந்தாலும், என் கோபம் உங்களுக்குப் புரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, திருப்புட்குழிக்குப் பக்கத்தில் பெங்களூர் ரோட்டில், பந்து உருட்டுகிற பாதை, அதாவது லேன், ஆறோடு ஒரு ஹால் திறந்தார்கள். ரோட்டோரக் கம்பெனிகளின் இன்ஜினியர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை. நான் அதற்கு முன் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன். மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். லேனில் எண்ணெய் போடுவது, பந்தில் விரலுக்குத் துளை போடுவது, யாருக்கு எந்தப் பந்து என்று சொல்வது, மூன்றும் என் தலையில் வந்தன.

விஷயம் சின்னதுதான். லேனில் முக்கால்வாசி தூரம் எண்ணெய் இருக்கும். பந்தால் அடித்து வீழ்த்த வேண்டிய பின்கள் நிற்கிற கடைசிப் பகுதி காய்ந்திருக்கும். பந்து அங்கே திரும்பிப் போய் அடித்தால்தான் பின்கள் மொத்தமாக விழும். எண்ணெய் அதிகமாக இருந்தால், மேல்பரப்பு சொரசொரப்பாக, மங்கலாக இருக்கிற பந்துதான் தரையைப் பிடித்துத் திரும்பும். பாலிஷ் போட்ட பந்து வழுக்கிக்கொண்டு நேரே போய்விடும். அது எண்ணெய் குறைந்த லேனுக்கு ஆனது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம். எங்கள் ஊருக்குப் புரியவைக்க ஆறு வருஷம் போதவில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

திறந்த புதிதில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 'இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது' என்று நானே பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தேன். அதை அவர் நிதானமாகப் படித்தார். எழுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு தாண்டினார். குனிந்து லேனை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தவர், நிமிரும்போது அப்படியே வழுக்கி உட்கார்ந்துவிட்டார்.

நல்லவேளை, அடி இல்லை. வேட்டியெல்லாம் எண்ணெய். அந்த லேனைத் துடைத்துத் திரும்ப எண்ணெய் போட எனக்கு அரை மணி நேரம் ஆனது. போர்டைப் படித்தீர்களே என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவர் வேட்டியை உதறிக்கொண்டே சொன்னார்: "பெருமாள் விளக்குக்கு ஊத்த வேண்டியதத் தரைல ஊத்தினா, வர்றவாள்லாம் விழுந்துண்டேதான் இருப்பா."

தொட்டுப் பார்க்கிற கை

தயாளன் பட்டுக்கடை வைத்திருந்தார். ஹால் முதலாளிக்கு மச்சான். பொங்கல் கழிந்து ஒவ்வொரு வருஷமும் ஹாலில் ஒரு கப் மேட்ச் நடக்கும். ஊர்க் கடைக்காரர்கள் ஒரு பக்கம், ரோட்டோரக் கம்பெனி ஒன்று மறு பக்கம். தயாளன்தான் ஊர் அணிக்கு கேப்டன். கம்பெனிக்காரர்களே ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் அணி தோற்றால் எண்ணெய் போட்டவன்தான் காரணம் என்று முதலாளி முதல் வருஷமே முடிவு செய்துவிட்டார்.

புதுப் பந்துகள் வந்த அன்று தயாளன் எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டைவிரலால் தடவினார், புடவை முந்தியைத் தடவுகிற மாதிரியே. அரக்கு நிறத்தில், முகம் தெரிகிற அளவுக்கு மின்னிய ஒன்றை எடுத்தார். மேட்ச் அன்று எண்ணெய் அதிகம் போடுவோம், அது வழுக்கிவிடும், பக்கத்தில் இருக்கிற மங்கல் பந்தை எடுங்கள் என்றேன். சாயம் போன சேலையை யாரோ விரித்துக் காட்டியது போல என்னைப் பார்த்தார். "நாலு தலைமுறையா தொட்டுப் பாத்து வாங்கற கைபா இது. எனக்கே மங்கலத் தள்ளப் பாக்கறியா?"

நாரும் பட்டும்

அன்று வீட்டில் புலம்பினேன். என் மனைவி மரகதம் பவுலிங் ஹாலைப் பார்த்ததே இல்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல், "எண்ணப் பாத்திரத்த நாரு போட்டுத் தேய்க்கறோமா, பட்டு போட்டுத் தேய்க்கறோமா? அதக் கேளு அவர" என்றாள். புத்தகத்தில் பதினெட்டு பக்கம் எழுதியிருந்ததை அவள் ஒரு சட்டி கழுவுகிற நேரத்தில் முடித்துவிட்டாள்.

மறுநாள் அதை அப்படியே தயாளனிடம் சொன்னேன். இந்த முறை புரிந்துவிடும் என்று நம்பினேன். அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கறதுக்கு ஆள் இருக்குதுபா."

பூசணிக்காய்

ஒரு ஆயுத பூஜைக்கு நான் லீவு. திரும்பி வந்தபோது எல்லாப் பந்துகளுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். விரல் துளைகளையும் விடவில்லை. அந்தப் பந்துகளின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. அதில் சந்தனம் இறங்கிக் காய்ந்தால் பந்து செத்த மாதிரிதான். அது போதாதென்று, திருஷ்டி கழிய முதலாளி தன் கையாலேயே மூன்றாவது லேனில் பூசணிக்காய் உடைத்திருந்தார். மெஷினும் ஆயுதம்தான், லேனும் ஆயுதம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தறிக்குப் பொட்டு வைப்பவர்கள் யாராவது தறியில் ஓடுகிற பாவு நூலின் மேல் பூசணிக்காய் உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

வெந்நீரில் ஊறவைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மூன்று நாள் சுரண்டினேன். பின் அடுக்குகிற மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற பாஷா கூட உட்கார்ந்து சுரண்டினான். மூன்றாம் நாள் ஒரு பந்தைத் தூக்கி முகர்ந்துவிட்டுச் சொன்னான்: "ணா, வுடுணா. இது இனிமே பின்ன அடிக்காது, ஆசீர்வாதம்தான் பண்ணும்."

பதினேழாம் நாள்

ஆறாவது வருஷம் மார்கழியில் மரகதம் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நானே கொள்ளி வைத்தேன், நானே மொட்டை போட்டுக்கொண்டேன். காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். ஓரிக்கையில் இருந்த எங்கள் வீட்டில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்க முடியாது என்பது அந்தப் பதினாறு நாளில் தெரிந்துவிட்டது. அதுவரை ஹால் எனக்குச் சம்பளம் வருகிற இடம். அன்றிலிருந்து, வீட்டை விட்டு வெளியே போக எனக்கிருந்த ஒரே இடம்.

அதே நாள் முதலாளி கூப்பிட்டு, இந்த வருஷமும் கப் போனால் வேறு ஆளைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்தால் தயாளன், அரக்குப் பந்தோடு நிற்கிறார். மரகதம் போனது அவருக்குத் தெரியும். மாலை அனுப்பியிருந்தார். மேட்சுக்கு முன் பந்துக்கு இன்னொரு தடவை பாலிஷ் வேண்டுமாம். என் தலையைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார். கூட வந்தவர்கள் காதில் விழும்படி சொன்னார்: "பாலிஷ்னா இதான் பாலிஷ். உன் தல மாதிரி ஆக்கிக் குடுபா என் பந்த."

கையெழுத்துப் போட்ட காகிதம்

மேட்சுக்கு ஒரு வாரம் முன்னால், எந்த லேனில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தூரம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு அணிக்கும் கொடுப்பேன். அதைப் பார்த்துத்தான் பந்து எடுத்து வருவார்கள். மேட்ச் அன்று காலை முதலாளி வந்து, எண்ணெயைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். எண்ணெய் குறைந்தால் தயாளனின் பளபளப்புப் பந்து திரும்பும். என் காகிதத்தை நம்பி மங்கல் பந்தோடு வருகிறவர்கள் தடுமாறுவார்கள். நினைத்துப் பார்த்தால், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக முதலாளி நான் சொன்னதை ஒத்துக்கொண்டிருந்தார், எதிர் அணியை ஏமாற்றுவதற்காக.

மெஷின் பொத்தானில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வேலை போனால் பகலெல்லாம் உட்கார வேண்டிய வீடு ஞாபகம் வந்தது. இருந்தாலும் காகிதத்தில் இருந்தபடியே போட்டேன். அன்று சாயங்காலம் அரக்குப் பந்து, பைபாஸில் போகிற பஸ் மாதிரி எங்கேயும் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. கப்பைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்காரர்கள் போன பிறகு முதலாளி என் சாவியை வாங்கிக்கொண்டார். "நீ சோறு தின்றது என் வீட்லயா, அவங்க வீட்லயாயா?"

பச்சை நார்

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், தயாளன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பந்துப் பை. கம்பெனி அணியின் கேப்டனிடம் ஜெயித்த ரகசியத்தைக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் தமிழ் தெரியாததால், பந்தை ஒரு கையில் வைத்து மறு கையால் பரபரவென்று தேய்த்துக் காட்டியிருக்கிறார். அதனால் பளபளப்பை எடுத்துத் தர வேண்டுமாம். என் இடத்துக்குப் புதிதாக வந்தவனுக்கு அது தெரியவில்லையாம்.

கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. மரகதம் வாங்கி வைத்திருந்த, பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் பாக்கெட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. அதைப் பிரித்தேன். பந்தை ஒரு பக்கெட்டின் வாயில் உட்காரவைத்து, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஒரு மணி நேரம் தேய்த்தேன். ஆறு வருஷம் வாயில் வராத அத்தனையும் கையில் வந்தது. கடைசியில் அந்த அரக்கு நிறம் செங்கல் மாதிரி மங்கிப்போயிற்று.

தயாளன் வழக்கம்போலக் கட்டைவிரலால் தடவினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. விரல் வழுக்காமல் நின்றது. முகம் மாறியது. பந்தை மடியில் வைத்துக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இத்தன வருஷத்துல இத ஒரு வார்த்த நீ என்கிட்ட சொல்லியிருந்தியானா, உன் வேல போயிருக்குமாபா?"

அந்த ஆறு வருஷத்தில் நான் சொன்னதை முதல் தடவையிலேயே புரிந்துகொண்டது ஒரே ஒரு ஆள்தான், அவளும் பவுலிங் ஹாலை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை.