அரிசி மில்லுக்குப் பின்னாலிருந்து வந்த வண்டி

அந்த ஐப்பசி மாதம் முழுக்க எங்கள் வீட்டுச் சோற்றில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. அம்மா சாம்பல் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் உலையில் அரிசி போடுவாள். ஆனாலும் பகலெல்லாம் எஞ்சின் சாமான்களை ஊறவைத்துத் தேய்த்த விரல்களிலிருந்து அது போகவே இல்லை. தங்கை சாப்பிட மாட்டேன் என்று அழுதால், அத்தா தட்டைத் தன் பக்கம் இழுத்து, "நல்லாத்தானே கீது" என்று ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுவார்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அத்தா சைக்கிளில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் கூவி விற்பவர். அந்தக் கோடையில் "மல்லாட்டை" மூட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டியின் சக்கரம் அவருடைய வலது முழங்காலில் ஏறி இறங்கியது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எலும்பு கூடியது, கால் மடங்கவில்லை. மடங்காத காலோடு சைக்கிள் மிதிக்க முடியாது. நான்கு மாதம் அம்மாவின் தையல் மிஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது, அதுவும் அரைவயிற்றுக்கு.

வேலூரிலிருந்து அம்மாவின் அண்ணன் கடிதம் போட்டார். அரைப்பரீட்சை லீவில் வந்து இரண்டு பெண்களையும் அழைத்துப்போவதாகவும், பெரியவள் வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக இருப்பாள் என்றும், பள்ளிக்கூடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். பெரியவள் நான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் அந்த வரியை நானே சத்தமாக வாசித்தேன்.

மறுவாரம் அத்தா ஓர் அரிசி மில்லுக்குப் பின்னால் துருவேறிக் கிடந்த மோட்டார் சைக்கிளை இரண்டு புடவைக்கு வாங்கி, கைவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார். கடைத்தெரு மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து, "பாய், எடைக்குப் போட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தையல் மிஷினைத் தானே பிரித்துத் தானே மாட்டுகிறவள் அவள். "இதுவும் மிஷின்தானேங்க" என்றாள்.

அத்தாவுக்கு வண்டியைப் பற்றிக் கேள்விஞானம், அம்மாவுக்குக் கைப்பக்குவம். ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே கயிற்றுக் கட்டிலில் பரப்பினார்கள். நாங்கள் தரையில் படுத்தோம். இறுகிப்போன பிஸ்டனுக்கு மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஊற்றிய ஐந்தாம் நாள்தான் அது ஒரு நூல் அசைந்தது. கார்புரேட்டரின் கண்ணுக்குத் தெரியாத துளையில் அம்மா தன் தலைமுடியை நுழைத்து அழுக்கெடுத்தாள். எஞ்சினுக்கும் அதன் மூடிக்கும் நடுவே வைக்க என் பூகோள நோட்டின் அட்டையை வெட்டினாள். டயர்களுக்கும் பிஸ்டன் வளையங்களுக்கும் மட்டும் வழியே இல்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தையல் மிஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. அம்மாவிடம் கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

லீவுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த அத்தா வண்டியைச் சந்துக்குத் தள்ளிவந்தார். அதற்குள் கால் மடங்கிவிடும் என்று அவர் நம்பியிருந்தார் போலும்; விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து மடக்கிப் பார்த்து முனகுவது எங்களுக்கும் கேட்கும். வலது கால் உதைக்கும் கட்டைக்கு எழும்பவில்லை. இடது காலால் உதைக்கப் பார்த்தார். உடம்பைத் தாங்க முடியாமல் வலது கால் சறுக்க, வண்டியோடு சாய்ந்தார். நானும் அம்மாவும் சந்து முனைவரை தள்ளிப் பார்த்தோம். இருமிவிட்டு நின்றுபோனது.

"இன்னொரு வாட்டி தள்ளலாம்" என்றேன்.

"ஊர் ஊருக்கு யாரும்மா தள்ளுவா?" என்ற அத்தா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஜமீலா, புள்ளைங்கள அனுப்பிடு" என்றார். அவர் வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டையை உதைத்தாள். உதைத்துக்கொண்டே இருந்தாள். ஒருமுறை கட்டை திருப்பி அடித்துக் கணுக்காலுக்கு மேலே தோல் கிழிந்தது. "பொம்பள ஒதைக்கறதப் பாரு" என்று எதிர்வீட்டு வாசலில் யாரோ சிரித்தார்கள். ரத்தம் பாதத்தில் வழிய அவள் மறுபடி உதைத்தபோது, கரும்புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அத்தா முகம் தெளியவில்லை. "வீட்ல கெளம்பிடிச்சு. ஊர்ல நின்னா?"

"நின்னா நான் ஒதைக்கறேன். நானும் வர்றேங்க."

"சனம் என்னா பேசும்?"

"சாப்டீங்களான்னு ஒரு நாள் கேட்டுச்சா இந்தச் சனம்?"

மறுநாள் காலை, வெள்ளைத் "துப்பட்டி" போர்த்திக்கொண்டு, மடியில் துணிமூட்டையோடு அத்தாவின் பின்னால் உட்கார்ந்து அம்மா புறப்பட்டாள். மாமா வந்த அன்றும் இருவரும் வீட்டில் இல்லை. நான் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டு, சாயங்காலம்வரை வாசலைப் பார்த்திருந்துவிட்டு, தனியாகவே பஸ் ஏறினார். அதன்பின் எல்லாம் சரியாகிவிடவில்லை. தங்கைக்குத் துணையாக வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றேன். வண்டி நடுவழியில் நின்ற நாட்கள் ஜாஸ்தி, ஓடிய நாட்கள் கம்மி என்று அத்தா சொல்வார். ஆனால் எங்களை யாரும் எங்கும் அனுப்பவில்லை.

இப்போது அந்தச் சந்தில் எங்கள் வீடு இல்லை. அந்த இடத்தில் ஒரு லாட்ஜின் வண்டி நிறுத்தம். பௌர்ணமிக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. கிராமங்களில் துணி கூவி விற்பவர்களும் இல்லை. அத்தா போய்ப் பல வருடங்களாகின்றன. அவர் இறந்த மாதமே வண்டியையும் கொடுத்துவிட்டோம். அம்மா என்னோடு இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போக என் மகன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஏறமாட்டாள். அத்தாவுக்குப் பிறகு யார் பின்னாலும் அவள் உட்கார்ந்ததில்லை. "ஆட்டோ கூப்புடு" என்பாள். வரும்வரை வெயிலில் நின்றுகொண்டிருப்பாள்.