எல்லாம் பச்சை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் அலுவலகம். வெள்ள நிவாரண முகாம்களைக் கம்ப்யூட்டர் திரையில் கண்காணிக்கும் பிரிவுக்கு நான்தான் தலைமை. ஏற்பாடு முடிந்த முகாம் பச்சையில் தெரியும், முடியாதது சிவப்பில். சிவப்பைப் பார்த்தாலே போனைப் போட்டுக் கத்துவேன்.

அன்று புயல் எச்சரிக்கை. திரை முழுக்கப் பச்சை. இருந்தும் இருப்புக் கொள்ளாமல் மேல்பட்டாம்பாக்கம் முகாமுக்குப் போனேன். கைக்குழந்தைகளோடு ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரேட்டரே இல்லை.

"அப்புறம் ஏன் பச்சைன்னு போட்டீங்க?" என்று முகாம் பொறுப்பாளரிடம் எகிறினேன்.

"நேத்து சிவப்புதான் மேடம் போட்டேன். உங்க திட்டு வந்துது, ஜெனரேட்டர் வரல."

சுருக்கென்றது. அங்கேயே நின்று, நாலு பேருக்குப் போன் போட்டு ஜெனரேட்டரை வரவழைத்தேன்.

இப்போதெல்லாம் சிவப்பைப் பார்த்தால், "என்ன வேணும்?" என்றுதான் கேட்கிறேன். திரை முழுக்கப் பச்சையாக இருக்கும் நாளில்தான், முகாம்களை நேரில் பார்க்கக் கிளம்பிவிடுகிறேன்.