கால்வாய் இல்லாத வரைபடம்

சிங்கவரம் மீனம்பாளுக்கு ஐம்பத்தொரு வயது. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பச்சமுத்துவைக் கட்டிக்கொண்டு வந்து, ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டு, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவள். கையெழுத்து திருத்தமாக இருக்கிறது என்று நூறு நாள் வேலையில் அவளைப் பணித்தளப் பொறுப்பாளராக வைத்திருந்தார்கள். வந்த ஆட்களைப் பதிந்து, போட்டோ எடுத்து, வெட்டிய மண்ணை டேப்பால் அளந்து எழுதுவதுதான் வேலை.

ஒருநாள் வேலைப் பதிவைக் கொடுக்க ஊராட்சி அலுவலகம் போனவள், பலகையில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். சாலையோரத்து நஞ்சை நிலம் மூன்று ஏக்கரைக் கல்யாண மண்டபம் கட்டுவதற்காக வணிக மனையாக மாற்றக் கேட்டிருக்கிறார்கள். ஆட்சேபனை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். மனு போட்டவர் அனந்தபுரத்து அரிசி மண்டிக்காரர் துரைக்கண்ணு. தேதியைப் பார்த்தாள். பத்தொன்பது நாள் போயிருந்தது.

அந்த நிலத்தின் நடுவேதான் மலையிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் ஓடுகிறது.

அவள் ஆட்சேபனை எழுதப் போவது பச்சமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. "ஊருக்கு ஒரு மண்டபம் வந்தா நல்லதுதான? நீ இன்னாத்துக்கு நடுவுல போற?"

"மண்டபம் வரட்டும். மலைத்தண்ணி எந்தப் பக்கமா வரும்? அத்த சொல்லு."

அவன் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டான்.

மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கி முப்பத்தாறு கையெழுத்து வாங்கினாள். 'மண்டபம் வேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதி, விழுப்புரம் பஸ் ஏறினாள். ஊரமைப்பு அலுவலகத்தில் பாரதி என்ற இளவயதுப் பெண் அதிகாரி இருந்தார். மனுவை முழுதாகப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"வேண்டாம்னு முப்பத்தாறு பேர் சொல்றீங்க. வேணும்னு நாளைக்கு அறுபது பேர் வந்தா நான் என்னம்மா பண்றது? இது எலெக்‌ஷன் இல்ல. எதனால கூடாதுன்னு எழுதுங்க. அதுக்கு அத்தாட்சி வைங்க."

மீனம்பாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும், "அவரு குடுத்த பிளானப் பாக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். பாரதி கோப்பைத் திருப்பிக் காட்டினார். சாலை இருந்தது, கிணறு இருந்தது, வேப்பமரம்கூட இருந்தது. கால்வாய் இல்லை.

"வாய்க்காலையே காணோமே மேடம்!"

"அப்ப அதத்தான் நீங்க எழுதணும்."

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அவளுக்கு அது உறைத்தது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அந்தக் கால்வாயைத் தூர் வாரியது அவளுடைய ஆட்கள்தான். நீளம், அகலம், ஆழம் எல்லாம் அவள் கையால் எழுதியது.

மறுநாளே ஊராட்சியில் எழுதிக் கொடுத்து, தூர் வாரிய வேலை உத்தரவு, அளவுப் பதிவு, போட்டோ எல்லாவற்றுக்கும் நகல் கேட்டாள். கிளார்க் மூன்று நாள் இழுத்தடித்தார். அவளும் மூன்று நாளும் போய் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தாலுகா ஆபீஸில் நிலத்தின் அளவு வரைபடம் வாங்கினாள். அதில் கால்வாய் பளிச்சென்று இருந்தது. சர்வே எண் போட்டு, கால்வாய் அடைபட்டால் ஏரிக்குத் தண்ணீர் வராது என்பதை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதினாள். நகல்களை இணைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, தன்னிடம் இருந்த பிரதியில் சீல் வாங்கிக்கொண்டாள். கெடு முடிய இரண்டு நாள் பாக்கி.

அடுத்த மாதம் பாரதி நிலத்தைப் பார்க்க வந்தார். துரைக்கண்ணுவும் வந்திருந்தார். கால்வாயின் ஒரு பகுதியில் புதுமண் கொட்டிச் சமன் செய்திருந்தது.

"இது வாய்க்கா இல்லீங்க. மழை அறுத்த பள்ளம்," என்றார் துரைக்கண்ணு.

மீனம்பாள் போட்டோவை எடுத்து அவரிடம் நீட்டினாள். "பள்ளத்துக்கு எதுக்குங்க கவர்மெண்ட்டு நாப்பத்திமூணு பேர வெச்சி தூர் வாருச்சி? போட்டோவுல நீங்க நிக்கிற எடத்துலதான் இடுப்பளவு தோண்டியிருக்குது."

அவர் தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார்.

ஐந்து மாதம் கழித்து உத்தரவின் நகல் தபாலில் வந்தது. மண்டபத்துக்கு அனுமதி உண்டு. ஆனால் கொட்டிய மண்ணை அள்ளிக் கால்வாயைப் பழையபடி திறக்க வேண்டும். இரு கரையிலும் மூன்று மீட்டர் விட்டுத்தான் கட்ட வேண்டும். மீனம்பாள் இரண்டு தடவை படித்தாள். கால்வாய் தப்பியதில் நிம்மதிதான். மூன்று ஏக்கர் நஞ்சையும் போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்கு அவளிடம் காட்ட அத்தாட்சி எதுவும் இல்லை.

மண்டபம் அரை வருஷத்துக்கு மேல் தள்ளிப்போனதில் கட்டட வேலையை நம்பியிருந்த நாலைந்து வீட்டுக்காரர்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். கட்டி முடித்து முதல் முகூர்த்தம் பச்சமுத்துவின் பங்காளி வீட்டுக் கல்யாணம். மீனம்பாளும் போனாள். வாசலில் நின்ற துரைக்கண்ணு, "வாம்மா, சாப்ட்டுத்தான் போவணும்" என்றார். அவள் மொய் எழுதிவிட்டு, இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.