சுவரோடு ஒட்டிய ஸ்பீக்கர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் என் கடைக்கு ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்கள் என் சொல்லைத் தட்டமாட்டார்கள்.

உடுப்பிட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவன் இறந்து இரண்டு மாதம். அவர் மகளுக்குக் கதை சொன்ன ஒரேயொரு பதிவு அவளுடைய போனில் இருந்தது.

"சுவரோடை வைக்க மலிவா, சின்னனா ஒண்டு தாங்கோ அண்ணை."

சுவர் என்றது என் காதில் ஏறவில்லை. பின்பக்கம் துளையுள்ள ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தேன்.

மறுநாள் போன் எடுத்தாள்.

"குரல் உறுமுது அண்ணை. பிள்ளை பயந்து அழுகுது."

"முப்பது வருசத் தொழில், தங்கச்சி. என்ரை சாமானிலை பிழை வராது. உங்கடை பதிவுதான் பழுது."

அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனபோது, என் கெட்டித்தனத்தைக் காட்ட அவள் வீட்டுக்குப் போனேன். ஸ்பீக்கரின் முதுகு சுவரோடு ஒட்டி, பின்துளை அடைபட்டிருந்தது. அப்படி வைத்தால் எந்தக் குரலும் உறுமத்தான் செய்யும். ஒரு சாண் முன்னே இழுத்தேன். வானொலிச் செய்தியைப் போட்டேன்; தெளிவாகக் கேட்டது.

"அப்ப அவரின்ரை குரல் பழுதில்லையோ அண்ணை?"

"இல்லை, தங்கச்சி. போட்டுப் பாருங்கோ."

"நீங்கள் பழுதெண்டு சொன்னியள். பிள்ளை இனிப் பயப்பிடக் கூடாதெண்டு அந்தப் பதிவை அழிச்சுப்போட்டன்."

இன்றைக்கும் என் சொல்லை யாரும் தட்டுவதில்லை. அவள் ஒருத்தியாவது தட்டியிருக்கலாம்.