செல்வி மேடையேறிய நாள்

மகனுக்குக் கல்லூரியைக் காட்டலாமென்று போன வாரம் நாங்கள் இருக்கும் பிளானோவிலிருந்து நான் படித்த பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினோம். வழியில் காபிக்கு நிறுத்திய கடையில் அப்போதுதான் மரத்தரைக்கு மெழுகு போட்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள், இந்த வயதிலும் அப்படித்தான்.

எம்.எஸ். படிக்க வந்த என்னை, இங்கிலீஷ் போதாது என்று முதலில் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருந்த ஆயத்தப் பள்ளியில் போட்டார்கள். சேலத்தில் கான்வென்ட்டில் படித்தவள் என்ற என் மிதப்பெல்லாம் ஏர்போர்ட்டிலேயே இறங்கிவிட்டிருந்தது. அறைத்தோழி செல்வி, கரூர்க்காரி. கடைசித் தேர்வில் மேடையேறி மூன்று பேர் முன்னால் பேச வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தாள். இன்னொருமுறை தவறினால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது ஆயத்தப் பள்ளியாம். பண்ணை வீட்டுப் பையன்கள் இருட்டோடு எழுந்து, அடுப்புக்கு விறகு சுமந்து, அதே மேடையில் நின்று லத்தீன் ஒப்பித்தார்கள் என்று டீச்சர் சொல்வார். தவறியவன் பெட்டியோடு ரயிலேறிவிடுவானாம். மெழுகு மணக்கும் மரத்தரைக் கூடத்தில் அவர்களுடைய படம் மாட்டியிருந்தது. கழுத்தை இறுக்கும் காலர்; ஒருவன் முகத்திலும் சிரிப்பில்லை. தேர்வன்று நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

“வாயே வரலடி. அப்பாகிட்ட என்னன்னு சொல்றது?” என்றாள் செல்வி.  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 

செல்வி மேடையேறியதும், ‘உங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசுங்கள்’ என்றார்கள் தேர்வாளர்கள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஒருவர் பேனாவை மூடி வைத்தார். பின்வரிசையில் நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

“மை ஃபாதர் பில்டிங் பஸ்,” என்றாள் திடீரென்று.

பேனாக்காரர் நிமிர்ந்தார். “கூரையில் மழை ஒழுகாதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவ்வளவுதான். அப்பாவின் பஸ் கட்டும் பட்டறையில் தகரத்தை எப்படி வளைப்பது, ரிவெட் எங்கே அடிப்பது என்று மேஜையைக் குத்திக் குத்திக் காட்டினாள். இலக்கணம் எங்கேயோ போனது, செல்வி நிற்கவில்லை.

தேறிவிட்டாள். வெளியே வந்து வாந்தி எடுத்தாள்.

போன வாரம் போய்ப் பார்த்தால் அந்தப் பள்ளிக் கட்டடமே இல்லை. அடுக்கடுக்காகக் கார்கள் நிற்கின்றன. “அம்மா, இட்ஸ் எ பார்க்கிங் கராஜ்,” என்றான் மகன். ஆயத்த வகுப்பெல்லாம் இப்போது அவரவர் ஊரிலிருந்தே லேப்டாப்பில் முடித்துவிடுகிறார்களாம்.

இப்போது சுகர் லேண்டில் குடியிருக்கும் செல்வியை அங்கிருந்தே அழைத்தேன்.

“இடிச்சிட்டாங்களா? நல்லா வேணும்,” என்றாள் சட்டென்று.

பிறகு, “அந்த மேடையுமாடி?” என்று கேட்டாள். போனை வைக்கவே இல்லை.