கலப்படப் பாவனை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவை இடிக்கவிடாமல் செய்ததில் எனக்குப் பெருமை உண்டு. அடக்கமாகப் பேசுகிற குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. இடிக்கிற நிலைக்கு அதைக் கொண்டுவந்ததிலும் எனக்கு ஒரு பங்கு உண்டு. அதையும் மறைக்கப்போவதில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. புலம்பெயர்ந்த நான் இல்ஃபோர்ட்டில் குடியிருந்தேன். தையல் வேலை செய்தது அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், ஒரு சின்னக் கடைத்தெருவில். தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாம் மாதிரிப் பெரிய இடமில்லை. ஒரு பக்கம் வரிசையாகக் கடைகள், எதிர்ப்பக்கம் கார் நிறுத்துமிடம், அவ்வளவுதான். பலசரக்குக் கடை ஒன்றின் மேல்மாடியில் முன்பக்க அறை என்னுடையது. சேலைக்குச் சட்டை, சின்னப்பிள்ளைகளுக்குப் பாவாடை, அரங்கேற்றத்துக்கு நடன உடுப்பு எல்லாம் அங்கேதான் தைத்தேன். வெளியில் பலகை கிடையாது. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கடைக்குள் நுழைந்து, அரிசி மூட்டைகளைத் தாண்டி, பின்னால் இருக்கிற படிக்கட்டில் ஏறி வருவார்கள். மேல்மாடியில் தொழில் செய்ய நான் அனுமதி எடுக்கவில்லை. அந்த வரிசையில் ஒருவருமே எடுக்கவில்லை. என் சுவருக்கு அப்பால் சனிக்கிழமைகளில் கணிதம் டியூஷன் நடந்தது. அதற்கு அடுத்த மாடியில் வயலின் வகுப்பு, அதற்கும் அடுத்ததில் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு குடும்பம்.

ஒரு நாள் எல்லாக் கடைகளுக்கும் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமும் ஒரு படிவமும் வந்தன. உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குத் திட்டம் வகுத்துக் கொடுக்கிற ஏதோ ஒரு கம்பனி அனுப்பியிருந்தது. தமிழில் எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். "கலப்படப் பாவனை பற்றிய ஆய்வு" என்பது தலைப்பு. பாவனை என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் பயன்படுத்துவது. படிவத்தின் முதல் கேள்வி, "உங்கள் கட்டடத்தில் கலப்படப் பாவனை உண்டா?"

கீழே கடை வைத்திருந்த அண்ணை அதை வாசித்துவிட்டுப் படிக்கட்டு அதிர மேலே வந்தார். அவர் கடையின் கறித்தூள் அந்தப் பக்கத்தில் பெயர் போனது. அவர் மனைவி வீட்டில் வறுத்து அரைத்துக் கொடுப்பது.

"பாத்தீரே தங்கச்சி, கலப்படமாம்! என்ர மனுசி வறுத்து அரைச்ச தூளில கலப்படமாம்! ஆரோ போய்ச் சொல்லிக் குடுத்திருக்கிறாங்கள்."

நான் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்கும் சந்தேகம் வரவில்லை. ஆங்கிலத்தில் இருந்த பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்ப்போம் என்றும் தோன்றவில்லை. அவரைவிட எனக்குத்தான் கோபம் அதிகம். "இல்லை எண்டு போடுங்கோ அண்ணை. கீறுற கீறலில பேப்பர் கிழியவேணும்," என்றேன். அப்படியே செய்தார். அதோடு நிற்காமல் கடை கடையாகப் போய் எல்லாரையும் "இல்லை" என்று போடவைத்தார். மீன்கடைக்காரர் தன் படிவத்தில் "ஒருபோதும் இல்லை" என்று கூடுதலாக எழுதிக் கையெழுத்தும் வைத்தாராம்.

சில மாதங்கள் கழித்து நூலகத்தில் எங்கள் பகுதியைப் புதிதாகக் கட்டுகிற திட்டத்தின் வரைபடங்களைப் பார்வைக்கு வைத்தார்கள். நானும் அண்ணையும் போனோம். சுவர் நிறையப் படங்கள். கண்ணாடிக் கட்டடங்கள், மரங்கள், கையில் கோப்பிக் கோப்பையோடு நடக்கிற மனிதர்கள். அந்த மனிதர்களில் ஒருவர்கூட எங்கள் தெருவில் நடந்து நான் கண்டதில்லை. எங்கள் வரிசை முழுவதும் சாம்பல் நிறத்தில் இருந்தது. சாம்பல் நிறம் என்றால் இடிப்பது. காரணத்தையும் கீழே எழுதியிருந்தார்கள். கடைகள் மட்டுமே இயங்குகின்றன, மேல்மாடிகள் பயன்படாமல் கிடக்கின்றன, கட்டடங்களில் கலப்புப் பயன்பாடு எதுவும் இல்லையென்று உரிமையாளர்களே எழுதித் தந்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. கலப்புப் பயன்பாடு என்பதைத்தான் தமிழில் கலப்படப் பாவனை என்று எழுதியிருக்கிறார்கள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சாம்பல் நிறத்தை மறுபடி பார்த்தேன். எங்கள் கையாலேயே எங்களுக்குச் சாம்பல் பூசியிருந்தோம். இருபது வருஷமாகக் கண்ணும் கழுத்தும் நோகத் தைத்துச் சேர்த்த வாடிக்கை எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் போட்ட கீறலில் போகப்போகிறது.

படங்களுக்குப் பக்கத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் அலுவலர் நின்றார். கலப்புப் பயன்பாடு என்றால் என்னவென்று கேட்டேன். கீழே கடை, மேலே வேலை செய்கிற அறைகள், அதற்கும் மேலே வீடுகள், எல்லாம் ஒரே கட்டடத்தில் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்த நகரத்துக்கு அது புதிய சிந்தனை என்றும் சொன்னார்.

புதிய சிந்தனையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணை என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்.

"தங்கச்சி, பேசாம வாரும். மேல ஆக்கள் இருக்கெண்டு வாயைத் திறந்தா பெர்மிஷன் எங்கை எண்டு கேப்பாங்கள். எல்லாருக்கும் ஆபத்து."

"பேசாம இருந்து இருந்துதான் அண்ணை எங்களை இல்லையெண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள். எனக்கு இனி ஏலாது."

"உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான்."

அலுவலரிடம் திரும்பி, அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னேன். அந்த மேல்மாடிகள் வெறுமையாக இல்லை. அவற்றில் ஒன்றில் நான் இருக்கிறேன். எங்களிடம் நீங்கள் கேட்ட கேள்வி, உணவில் களவாகக் கலப்படம் செய்கிறீர்களா என்பது. அதற்குத்தான் இல்லை என்றோம். இப்போது சரியான கேள்வியைக் கேளுங்கள்.

அவர் முகம் சிவந்தது. தமிழ்ப் பிரதியை வேறு யாரிடமாவது காட்டி விசாரிப்பதாகச் சொன்னார். விசாரித்திருப்பார் போல. அடுத்த வாரமே நேரில் பார்க்க வந்தார்.

வரிசை முழுவதும் அவரை மாடி மாடியாக ஏற்றி இறக்கினேன். வயலின் வகுப்பில் பிள்ளைகள் வாசிப்பதை நிறுத்தாமல் அவரைப் பார்த்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம் தேநீர் கொடுத்தது. அண்ணை கீழே கல்லாவில் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். கடைசியாக என் அறைக்கு வந்தோம். தையல் இயந்திரத்தையும் பாதியில் கிடந்த நடன உடுப்பையும் பார்த்தபிறகு அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. மற்ற மாடிகளே போதும், வகுப்புகளும் குடியிருப்பும் என்பதால் அவற்றுக்குப் பெரிதாகக் கேள்வி வராது, வரிசையைக் காப்பாற்ற அவற்றைக் காட்டினாலே சரிவரும் என்றார். என் அறையை எழுதினால் அனுமதியில்லாத தொழில் என்று கடிதம் வரும், மூடச் சொல்லவும் கூடும், விரும்பினால் இந்த அறையைப் பார்க்காததுபோலப் போய்விடுகிறேன் என்றார்.

எனக்குப் பயம் வந்தது. அந்த அறை போனால் எனக்கு வேறு வழி தெரியாது. ஐம்பதை நெருங்கிய வயதில் யாரும் என்னை வேலைக்கு எடுக்கப்போவதுமில்லை. அந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் என்னைப் பார்க்காததுபோலப் போயிருக்கிறார்கள். இவரும் போகவேண்டுமா என்று நினைத்தேன்.

"எழுதுங்கள்," என்றேன்.

பெயர் கேட்டார். சொன்னேன். முதல் மூன்று எழுத்தோடு நிறுத்திவிட்டு, சுருக்கமாக எழுதலாமா என்றார். முடியாது என்று சொல்லி, ஆங்கிலத்தில் பதினேழு எழுத்து வருகிற என் முழுப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி எழுதவைத்தேன்.

திட்டத்தைத் திருத்தி வரைந்தபோது எங்கள் வரிசை தப்பியது. கண்ணாடிக் கட்டடங்கள் எதிர்ப்பக்கம் கார் நிறுத்துமிடத்துக்குப் போயின. என் அறைக்கு நான் கேட்ட அனுமதியை மட்டும் மறுத்தார்கள். படிக்கட்டில் தீத்தடுப்புக் கதவு இல்லையாம். கதவைப் போட்டுவிட்டு மறுபடி விண்ணப்பித்து வாங்கினேன். முழங்கால் படியேற மறுக்கும்வரை அங்கேதான் தைத்தேன்.